ஆலாத்தி வீடு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்லவில்லை. சமைக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. ஒரு தாம்பாளத்தில் விளிம்பு தொடத் தண்ணீர் ஊற்றி, அதை ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னார்கள். சொன்னவர் மாப்பிள்ளையின் அம்மா.

வைகை அணையில், பொதுப்பணித்துறைக் குடியிருப்பில் இருந்தது எங்கள் வீடு. அப்பாவுக்கு அணையில் ஷட்டர் ஏற்றி இறக்குகிற வேலை. "எம் பொண்ணு என்ன சர்க்கஸ்லயா சேரப் போகுது?" என்று அவர் அடுக்களைப் பக்கம் வந்து அம்மாவிடம் முணுமுணுத்தார். அது கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். மாப்பிள்ளையின் அம்மா அசரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் தாம்பாளத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடம் திரும்பி, "கை நடுங்கல" என்றார். அதுதான் சம்மதம். தொண்ணூற்றாறு ஆவணியில் கல்யாணம் நடந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில், கோம்பைக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே இருக்கிற ஊர் என் புகுந்த ஊர். அங்கே ஒரு பழைய ஜமீன் அரண்மனை உண்டு. ஜமீன் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நிலம் போய், யானைக் கொட்டடி போய், பின்கட்டு முழுக்க ஓடு சரிந்து கிடந்தது. ஆனால் அதில் குடியிருந்த பெரியவரை ஊர் 'ராசா' என்றுதான் சொன்னது. வருஷத்தில் ஒரே ஒரு நாள், விஜயதசமி அன்று, அவர் நிஜமாகவே ராசாவாக இருந்தார். தலைப்பாகை கட்டி, வெல்வெட் கோட்டுப் போட்டு, குடையும் உறுமி மேளமும் முன்னே போக, ஊருக்கு மேற்கே திடலுக்குப் போவார். அங்கே நட்டு வைத்திருக்கும் வாழை மரத்தில் அம்பு போடுவார். திரும்பி வரும்போது அரண்மனை வாசலில் அவரை நிறுத்தி ஆலாத்தி எடுக்க வேண்டும். அதை எடுக்கிற உரிமை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு நீரால் மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, நீரை முச்சந்தியில் கொட்டும்வரை ராசா நிலைப்படியைத் தாண்டக் கூடாது. ஊரில் அவரை நில் என்று நிறுத்தி வைக்கிற அதிகாரம் அந்த ஒரு ஆளுக்குத்தான். எங்கள் வீட்டுக்குப் பெயரே ஆலாத்தி வீடு. தபால்காரர்கூட அப்படித்தான் சொல்லுவார்.

உரிமை வீட்டுக்குத்தான் என்றாலும், எடுப்பவள் சுமங்கலியாக இருக்க வேண்டும். என் மாமியார் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அதை எடுத்தவர். மாமனார் இளம் வயதிலேயே போய்விட்டார். அன்றோடு தாம்பாளம் அவர் கையைவிட்டுப் போயிற்று. இடைப்பட்ட வருஷங்களில் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு பங்காளி வீட்டு அம்மாள் வந்து எடுத்துக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூத்த மகனுக்குப் பெண் தேடும்போது மாமியார் தேடியது மருமகளை மட்டுமல்ல என்பது அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதல் விஜயதசமி அன்று காலையிலேயே அவர் அரைக்க ஆரம்பித்துவிட்டார். மஞ்சளைக் கடையில் பொடியாக வாங்க மாட்டார். கிழங்கை உரசி, சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்துக் கரைத்து, நிறம் வருகிறவரை வெளிச்சத்தில் சொம்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். மாதுளம்பூ நிறம் வர வேண்டும். அதற்கு மேல் போனால் ரத்தம் மாதிரி இருக்கும் என்பார். கரைத்த சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் கீழே வைத்தார். கையில் தரவில்லை.

"அத்தை, கையிலயே குடுங்க, நான் வாங்கிக்கிறேன்."

"கீழ இருந்து எடுத்துக்க. இன்னைக்கு என் கையில இருந்து நீ எதுவும் வாங்கக் கூடாது."

சாயங்காலம் அரண்மனை வாசலில் தாம்பாளத்தோடு நின்றேன். கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. ராசா வந்து என் முன்னால் நின்றார். வெல்வெட் கோட்டில் பூச்சி அரித்த ஓட்டைகள் தெரிந்தன. அந்துருண்டை வாசனை அடித்தது. சுற்ற ஆரம்பித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பொட்டு வைக்கக் கையை நீட்டினேன். பாதியில் என் வளையல் சத்தம் நின்றுபோனது. கண்ணைத் திறக்காமலேயே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பயப்படாத ஆத்தா, நான் ஒண்ணும் சாமி இல்ல" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பொட்டு வைத்தேன்.

முச்சந்தியில் நீரைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போதுதான் மாமியாரைப் பார்த்தேன். அரண்மனைக்கு எதிரே ஒரு ராவுத்தர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் படியோரம், ராவுத்தர் எடுத்துப் போட்ட ஸ்டூலில் மாமியார் உட்கார்ந்திருந்தார். முன்னால் வந்து நிற்க அவருக்கு வழக்கமில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து அவர் என் கைகளை மட்டும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், "மூணாஞ்சுத்து கொஞ்சம் வேகமாப் போச்சு" என்றார்.

நான் அவரைக் கடுமையான மனுஷி என்றே நினைத்திருந்தேன். ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. பச்சையைத் தனியாக, வெடித்ததைத் தனியாக, நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கிவிட்டு வருவார். வீட்டிலும் அதே மாதிரிதான். எதையும் ஒரு பார்வையில் ரகம் பிரித்துவிடுவார். அதிகம் பேச மாட்டார். என் வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. குமுளிக்கும் கோட்டயத்துக்கும் காய்கறி ஏற்றிப்போகிற வேன் ஓட்டினார். மலையாளம் பேசிப் பேசி, எதற்கெடுத்தாலும், பரவாயில்லை என்கிற அர்த்தத்தில், "சாரமில்ல" என்பார். பால் திரிந்தாலும் சாரமில்ல, டயர் வெடித்தாலும் சாரமில்ல. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அடுத்த வருஷமே எங்கள் தெருப் பால்வாடியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. ஊரில் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ராசாவும் அப்படியே கூப்பிட்டார்.

இரண்டாயிரத்து மூன்றில், ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், குமுளி மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கம்பத்துக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவரைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்கு வரவில்லை. வேனைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் நிறுத்திய இன்னொரு டிரைவர், சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது மட்டும் இன்னும் கண்ணில் இருக்கிறது.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து ராசா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட யாரும் இல்லை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். துக்கம் விசாரித்தார். பிறகு மாமியாரைப் பார்த்துச் சொன்னார்.

"விசயதசமி வருது. டீச்சரே வந்து எடுக்கட்டும்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. மாமியார் கதவருகே நின்றிருந்தார். "அது வழக்கமில்லையே ராசா" என்றார்.

"வழக்கம் என் வாசல்லதான இருக்கு? எம் பொஞ்சாதி போயி பத்து வருசமாச்சு. நானும் ஒத்தையாத்தான் நிக்கேன். என்னைய எவனாச்சும் நீ வாங்கக் கூடாதுன்னு சொன்னானா? வாங்குறவன் ஒத்தையா இருக்கலாம், எடுக்குறவ இருக்கக் கூடாதா?"

அவர் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதத்தில் என்னிடம் எல்லோரும் அழுதார்கள், ஆறுதல் சொன்னார்கள், சிலர் வழியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போனார்கள். நீ வா என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். நான் வருகிறேன் என்று சொல்லியிருப்பேன். மாமியார் முந்திக்கொண்டார்.

"வேணாம் ராசா. வெறும் வாய மெல்லுற ஊருக்கு இவள அவலாக் குடுக்க முடியாது. சின்னவன் பொண்டாட்டி இருக்கா. திருப்பூர்ல இருந்து வந்து எடுப்பா."

ராசா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமியார் எதிரில் பேசிப் பழக்கமில்லை. ராசா எழுந்து, "சரி ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று எனக்கு மாமியார்மேல் பொல்லாத கோபம் வந்தது. தனக்கு ஊர் மறுத்ததை எனக்கும் மறுக்கிறார் என்று நினைத்தேன். தன் கையைவிட்டுப் போன தாம்பாளம் இன்னொரு கைம்பெண் கையில் இருப்பதை அவரால் தாங்க முடியாது என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நாள் அவருக்குச் சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் ஓசையாகவே வைத்தேன். அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கொழுந்தனாரும் ஓரகத்தியும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தார்கள். ஓரகத்தி நல்ல பெண். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு பஸ் ஏறி, மறுநாள் மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். மாமியார் வழக்கம்போல் மஞ்சள் உரசிக் கரைத்து வைப்பார். அவள் எடுத்துக்கொண்டு போவாள். முதல் வருஷம் நான் போகவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து மாமியாரோடு போய் ஜவுளிக்கடைப் படியோரம் நின்றேன். ராவுத்தர் ஸ்டூலை இரண்டாக்கினார். ராசா வாசலில் வந்து நிற்கும்போது ஒரு தடவை எங்கள் பக்கம் பார்ப்பார். பிறகுதான் கண்ணை மூடுவார்.

இதில் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. தினமும் காலையில் அதே தெருவின் தாய்மார்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். காட்டுக்கும் கடைக்கும் கிளம்புகிற அவசரத்தில், அழுகிற பிள்ளையை என் இடுப்பில் வைத்துவிட்டு ஓடினார்கள். விடிந்ததும் அந்தப் பிள்ளைகள் பார்க்கிற முகம் என்னுடையது. அதில் யாருக்கும் குறை தெரியவில்லை. அந்தக் குழந்தைகளின் அம்மாக்களே விஜயதசமி அன்று தெருவில் நிற்கும்போது, என்னை முன்னால் விடாமல் லேசாகத் தோளால் மறைத்துக்கொள்வார்கள். கெட்ட எண்ணத்தோடு அல்ல. மழை வந்தால் தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்கிற மாதிரி, கை தானாகச் செய்கிற காரியம் அது.

இரண்டாயிரத்து ஏழில் விஜயதசமிக்கு நல்ல மழை. முதல் நாளே பிடித்துக்கொண்டது. முல்லையாறு கலங்கி ஓடியது. மத்தியானம் ஓரகத்தி போன் செய்தாள்.

"அக்கா, தேவதானப்பட்டிக்கு இங்கிட்டே பஸ்ஸு நிக்குது. பாலத்துக்கு மேல தண்ணி போகுது. எப்ப விடுவாகன்னு தெரியல."

மாமியாரிடம் சொன்னேன். அவர் கரைத்து வைத்த சொம்பைப் பார்த்தார். "வந்துருவா" என்றார். சாயங்காலம்வரை அவள் வரவில்லை. சொம்பை நானே எடுத்துக்கொண்டு, மாமியாரோடு கிளம்பினேன். யாரிடமாவது கொடுக்க வேண்டுமே.

அரண்மனைக்காரப் பெண்ணொருத்தி சொம்பை வாங்கித் தாம்பாளத்தில் ஊற்றி, வெற்றிலைமேல் சூடம் வைத்துத் தயாராக நின்றாள். மேளச் சத்தம் மேற்கேயிருந்து வந்தது. ராசாவுக்கு அந்த வருஷம் உடம்பு முடியவில்லை. சர்க்கரையில் கால் வீங்கியிருந்தது. திடலுக்கு ஜீப்பில்தான் போனார். ஆனாலும் தெரு முனையில் இறங்கி, இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க நடந்தே வாசலுக்கு வந்தார். தலைப்பாகை நனைந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வந்து நின்றார். எதிரே தாம்பாளம் இருந்தது. எடுக்க ஆள் இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றான். படித்த பையன். என்னைவிடச் சின்னவன். "அப்பா, மழை பெய்யுது. நேரா உள்ள போயிரலாம்" என்றான். பூசாரி, "தெருவுல சுமங்கலி யாராச்சும் வந்து ஒரு சுத்து சுத்திறட்டும். சாமி குத்தமில்ல" என்றார். கூட்டத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராசா அசையவில்லை. "ஆலாத்தி வீட்டு ஆளு எடுக்காம நான் இந்த நெலைய தாண்டுனதில்ல" என்றார். எதிர்ப் பக்கம் திரும்பினார். "டீச்சர், இங்கன வா."

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. மகன் குனிந்து, "அப்பா, வேணாம், ஊர் ஒரு மாதிரி பேசும்" என்று சொன்னது எங்கள் வரைக்கும் கேட்டது. அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை. அந்த வீங்கின காலோடு மழையில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். நான் படியிலிருந்து இறங்கினேன்.

மணிக்கட்டை யாரோ இறுகப் பிடித்தார்கள். மாமியார். ஏலக்காய் பொறுக்கிப் பொறுக்கிக் காய்த்துப் போன விரல்கள். "நீ இரு" என்றார். மறுபடியுமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கையை உதறப் போனேன். அதற்குள் அவரே விட்டுவிட்டார். விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கடைப் படியில் வைத்தார். தெருவில் இறங்கி நடந்தார்.

சாம்பல் நிறச் சேலை, வெறும் நெற்றி, சேற்றில் வெறுங்கால். கூட்டம் தானாக விலகியது. தாம்பாளத்தோடு நின்ற பெண் என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் ஒரு எட்டு நகர்ந்தாள். மாமியார் அவள் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

சுற்றினார். அவர் கை நடுங்கியது. சிவப்பு நீர் விளிம்பில் தளும்பி அவர் முழங்கை வழியாக வடிந்தது. ஆனால் சுற்று தப்பவில்லை. மூன்றாவது சுற்றும் நிதானமாகத்தான் போனது. பொட்டு வைக்கிற இடம் வந்ததும் நின்றுவிட்டார். விரலை நீரில் தோய்த்தவர் தூக்கவில்லை. ராசா இரண்டு பக்கத்து ஆட்களையும் விடச் சொல்லி, தானாகவே தலையைக் குனிந்து நெற்றியைக் கொடுத்தார். மாமியார் பொட்டு வைத்தார். மாமியார் முச்சந்திக்குப் போய் நீரைக் கொட்டினார். அதற்குப் பிறகுதான் உறுமி மறுபடி எழுந்தது. ராசா உள்ளே போனார்.

மாமியார் செருப்பை எடுக்காமலேயே வீட்டுக்கு நடந்தார். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வீட்டில் வந்து ஈரச் சேலையோடு உட்கார்ந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அத்தை, அவுக என்னையத்தான கூப்பிட்டாக? என்னைய ஏன் விடல?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ நாளைக்குப் பால்வாடிக்குப் போகணும்ல."

நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் தட்டை ஓசையாக வைத்ததெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஊர் தூற்றினால் என் கையில் ஒரு தாயும் பிள்ளையைக் கொடுக்க மாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். ராசா வந்து கேட்ட அன்றே போட்டிருக்கிறார். ஊர் பேசத்தான் போகிறது என்றால், பேசட்டும், இழக்க ஒன்றும் இல்லாத என்னைப் பேசட்டும் என்று இறங்கிப் போயிருக்கிறார்.

ஆனால் அவர் கணக்கு அங்கேதான் தவறியது. இழக்க ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்தது சரியில்லை.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் ராசாவுக்குக் காலில் புண் வந்து, மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்துபோனார். ஊரே திரண்டு நின்றது. நாங்களும் போனோம். மாமியார் உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அரண்மனை உறவில் ஒரு அம்மாள், எங்கிருந்தோ வந்தவர், அழுதுகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "தாலி அறுத்தவ கையால ஆலாத்தி வாங்குனாக. எப்படி வெளங்கும்?"

அழுகைச் சத்தத்துக்கு நடுவில் சொன்னதுதான். ஆனால் தெருவில் அது நின்றது. குழாயடியில் நின்றது, மாவு மில்லில் நின்றது. நேரே யாரும் கேட்கவில்லை. ஏலக்காய் ஸ்டோரில், பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவள் தன் சாக்கைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சூப்பர்வைசர் மரியாதையாக, "ஆத்தா, நாளைக்குப் பூசை இருக்கு, நீங்க நாளான்னைக்கு வாங்களேன்" என்றார். மாமியார் நாளான்னைக்கும் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ராசாவுக்குச் சர்க்கரை. வயசு எழுபது. மழையில் நின்றார். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எல்லாம் சொன்னேன்.

"தெரியும்த்தா" என்பார். "எனக்கென்ன தெரியாதா?" கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என் கை நடுங்குச்சே" என்பார்.

அரண்மனைத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டார். கடைக்குப் போக வேண்டுமென்றால் வாய்க்கால் கரையைச் சுற்றிப் போவார். ஜவுளிக்கடை ராவுத்தர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து, "என்னம்மா கடைப் பக்கமே காணோம், எங்கள்ல இதெல்லாம் பாக்கறதில்லம்மா, வந்து போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இருந்தபோது அவருக்கு மோர் கொடுக்கச் சொல்லி மாமியார் என்னிடம் ஜாடை காட்டினார். தன் கையால் கொடுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான். உப்பு ஜாடியானாலும், குழந்தையின் ரிப்பனானாலும் கீழே வைத்துவிடுவார். நான் குனிந்து எடுக்க வேண்டும். முன்பு வருஷத்தில் ஒரு நாள் இருந்த வழக்கம் இப்போது எல்லா நாளும் ஆயிற்று.

இரண்டாயிரத்து ஒன்பதில் என் மகள் பெரியவளானாள். சடங்குக்கு நாள் குறித்தோம். மாமியார் முதல் நாள் காலையில் ஒரு மஞ்சள் பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, ஓடைப்பட்டிக்குக் கிளம்பினார்.

"திராட்சை வெட்டு நடக்குதாம். பங்காளி வீட்டுல ஆள் பத்தலைன்னாக."

"அத்தை, பேத்தி சடங்குக்கு இல்லாம எங்க போறீக?"

"நீங்க நல்லபடியா முடிங்க. முடிச்சிட்டுச் சொல்லு, வாரேன்."

மகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கையை விலக்கிவிட்டுப் போய் பஸ் ஏறினார். நான் தடுத்திருப்பேன். வாசலில் என் அண்ணன்மார் சீர்த் தட்டோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வரவேற்பதா, இவர் பின்னால் ஓடுவதா என்று நிற்கும்போதே பஸ் போய்விட்டது. ஓடைப்பட்டியில் அவர் திராட்சை வெட்டவில்லை, நாள் முழுக்க அடுக்களையில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வருஷம் மார்கழியில் மாமியார் இறந்துபோனார். படுக்கையில் அதிக நாள் இல்லை. காய்ச்சல் வந்தது, சாப்பாடு நின்றது, அவ்வளவுதான். கடைசி வாரத்தில் நான் கஞ்சியைக் கையில் எடுத்து வாயில் கொடுத்தேன். அப்போது மட்டும் மறுக்கவில்லை.

தூக்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு தெருமுனையில் ஒரு கார் வந்து நின்றது. ராசாவின் மகன் இறங்கி வந்தான். கையில் ஒரு பட்டுச் சேலை. அரண்மனைக் கோடி. ஆலாத்தி எடுத்தவர்கள் இறந்தால் அரண்மனையிலிருந்து கோடி வரும் என்று முன்பு கேள்விப்பட்டதுண்டு. நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவனே கொண்டுவந்து, பிரித்து, மாமியார்மேல் போர்த்தினான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு என்னிடம் வந்தான்.

"அக்கா, அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒண்ணு சொன்னாக. இந்த அம்மாகிட்ட என்னையப் போய்ச் சொல்லச் சொன்னாக."

நான் அவனைப் பார்த்தேன்.

"அவுக ராசாவா வந்த மொத வருசம் ஆலாத்தி எடுத்தது இந்த அம்மாதானாமே. 'மொத எடுத்த கையே கடைசியும் எடுத்துச்சு, இதுக்கு மேல என்ன வேணும், மனசு நெறஞ்சு கெடக்கு, போய் அதச் சொல்லு'ன்னாக. அடுத்த வருசம் என்னையவே ஒரு சேலை எடுத்துக் குடுக்கவும் சொன்னாக."

அவன் குரல் இறங்கியது. "காரியத்துல மறந்துபோச்சு. அப்புறம் லீவு கெடைக்கல. வரும்போது சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். ஊர்ல இப்படி ஒரு பேச்சு இருந்ததே எனக்கு நேத்துதான் தெரியும்க்கா."

இரண்டு தெரு தள்ளித்தான் அரண்மனை. இரண்டு வருஷம். ஒரு வாக்கியம். அது வந்து சேர்ந்திருந்தால் என் மகள் சடங்கன்று அவள் தலையில் முதலில் தண்ணீர் ஊற்றியிருப்பது யாருடைய கை என்று எனக்குத் தெரியும்.

அவன்மேல் கோபப்படத் தோன்றவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. கெட்டவனில்லை. ஊரைவிட்டுப் போய்ப் பிழைக்கிறவர்களுக்கு எது அவசரம், எது இல்லை என்று தெரிவதில்லை. "அத்தைக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு தம்பி, போன வாரம் வரைக்கும்" என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகு, அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

மறுவருஷம் விஜயதசமிக்கு முன்னால் அவன் போன் செய்தான். ராசாவோடு நின்றுபோயிருந்த அம்பு போடுவதை மறுபடி நடத்த வேண்டும், அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னான். "நீங்கதான் வந்து எடுக்கணும்க்கா." எனக்குப் போக விருப்பமில்லை. மகள்தான், "அப்பத்தா எடுத்தாக, நீங்க எடுக்க மாட்டீகளா?" என்றாள். போனேன்.

மஞ்சளை நானே உரசினேன். நிறம் மாதுளம்பூவுக்கு வரவில்லை, கொஞ்சம் கூடிவிட்டது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வாசலில் வந்து நின்ற அந்தப் பையனுக்குச் சுற்றிப் பொட்டு வைத்தேன். பயந்துகொண்டேதான் நின்றேன். யாராவது ஏதாவது சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. முகம் சுளித்தவர்கூட இல்லை. செல்போனில் படம் எடுத்தார்கள். "டீச்சர், இங்கிட்டுத் திரும்புங்க" என்று ஒரு பெண் கூவினாள். அவள் பிள்ளை என் பால்வாடியில்தான் இருந்தது. நீரைக் கொட்டிவிட்டு வரும்போது பூசாரி, "நல்லா எடுத்தீக" என்றார்.

இவ்வளவு சுலபமாக நடக்கிற காரியமாக இருந்ததா இது? யாராவது ஒருவர் குறுக்கே வந்து கத்தியிருந்தால், மாமியார் பட்டதற்கு ஒரு அர்த்தம் இருந்தது என்றாவது தேற்றிக்கொண்டிருப்பேன். கூட்டம் கலைந்து, கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தத் தெருவில் தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாங்கிக்கொள்ள ஆள் வருகிறவரை நின்றுகொண்டிருந்தேன்.